மணிக்கட்டு வழியே மூளைக்கு

ஜொகூர் பாருவில் நாலு பேர் கூடி மருத்துவமனையைப் பற்றிப் பேசத் தொடங்கினால், வார்டில் கட்டில் கிடைக்கவில்லை என்பதிலோ, அனுபவமுள்ள தாதியர் கடற்பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போய்விட்டார்கள் என்பதிலோ, காப்புறுதிச் சந்தா கட்டி மாளவில்லை என்பதிலோதான் பேச்சு போய் நிற்கிறது. இம்மூன்று சங்கடங்களோடும் சம்பந்தமுள்ள ஒரு வைத்திய விஷயம், நிபுணர்களின் கூட்டங்களில் மட்டும் விவாதிக்கப்பட்டு, பொதுஜனங்களின் காதுக்கு எட்டாமல் இருக்கிறது. மூளையின் ரத்தக்குழாய்களுக்குச் செய்யும் சிகிச்சையைத் தொடையிடுக்கின் வழியாகச் செய்வதா, மணிக்கட்டின் வழியாகச் செய்வதா என்பதே அந்த விஷயம்.

எந்த வாசலில் நுழைந்தால் என்ன, போய்ச் சேரும் இடம் ஒன்றுதானே என்று கேட்கத் தோன்றும். ஆனால் நுழையும் வாசலைப் பொறுத்தே, சிகிச்சை முடிந்த நோயாளி அன்று மாலை எழுந்து நடப்பாரா, இரவெல்லாம் கால் நீட்டி மல்லாந்து கிடப்பாரா என்பதும், அவர் பக்கத்தில் தாதி எத்தனை முறை வந்து நிற்க வேண்டும் என்பதும், சில ஆண்டுகள் கழித்து அவருடைய சிறுநீரகம் பழுதானால் டயாலிசிஸுக்குக் கையில் வழி மிஞ்சியிருக்குமா என்பதும் நிர்ணயமாகின்றன. இவற்றுள் கடைசியாகச் சொன்னது இந்நாட்டு இந்தியர்களாகிய நமக்கு மிகவும் முக்கியமானது. மிகவும் குறைவாகப் பேசப்படுவதும் அதுவே.

தலையைத் திறக்காமல்

மூளையின் தமனி ஒன்றில் சுவர் பலவீனப்பட்ட இடம் குமிழாகப் புடைத்து நின்று, ஒரு நாள் வெடித்து உயிரைப் பறிப்பதுண்டு. ரத்தக்கட்டி ஒன்று தமனியை அடைத்து, ஒரு பக்கத்துக் கைகால்களையும் பேச்சையும் முடக்கிவிடுவதும் உண்டு. முன்னாளில் முதல் வகைக்கு மண்டையோட்டைத் திறந்தாக வேண்டும். இரண்டாவதற்குப் பெரும்பாலும் அந்த வழியும் கிடையாது. இன்றோ, உடலின் வேறோர் இடத்துத் தமனியில் மெல்லிய குழாயை நுழைத்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே அதை மூளை வரை செலுத்தி, குமிழைப் பிளாட்டினச் சுருளால் நிரப்பி அடைக்கிறார்கள். கட்டியை வலைக்கூட்டால் பற்றி இழுத்தோ, உறிஞ்சியோ வெளியே எடுக்கிறார்கள்.

இந்த வித்தைக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. 1927-இல் எகாஸ் மோனிஸ் என்ற போர்த்துகீசிய வைத்தியர், கழுத்துத் தமனியில் மருந்தைச் செலுத்தி, உயிருள்ள மனிதனுடைய மூளையின் ரத்தக்குழாய்களை முதன்முதலாக எக்ஸ்ரே படத்தில் காட்டினார். 1953-இல் ஸ்வீடன் தேசத்து ஸ்வென் இவார் செல்டிங்கர், ஊசியைக் குத்தி, அதற்குள் கம்பியை விட்டு, ஊசியை உருவிவிட்டுக் கம்பியின் மேலேயே குழாயை ஏற்றுகிற எளிய உபாயத்தை வெளியிட்டார். கத்தி வைக்காமல் தமனிக்குள் நுழையும் இன்றைய சிகிச்சைகள் யாவும் அந்த உபாயத்தின் சந்ததிகளே.

1990-இல் கலிபோர்னியாவில் இத்தாலிய வைத்தியர் குய்தோ குலியெல்மி பிளாட்டினச் சுருளை நோயாளியிடம் பிரயோகித்தார். 2002-இல் வெளிவந்த ஐசாட் ஆய்வு, குமிழ் வெடித்து வந்த 2,143 பேரை எடுத்துக்கொண்டு, ஓராண்டு கழித்துக் கணக்கெடுக்கப்பட்டவர்களில் மரணமோ பிறர் தயவில் வாழும் நிலையோ அடைந்தோர், அறுவை செய்யப்பட்டவர்களில் நூற்றுக்கு 30.6, சுருள் வைக்கப்பட்டவர்களில் 23.7 என்று காட்டியது. 2015-இல் அடுத்தடுத்து வெளிவந்த ஐந்து ஆய்வுகள், பெரிய தமனி அடைபட்டால் கட்டியை எடுத்துவிடுவதே மேலான சிகிச்சை என்பதை ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டின.

தொடை வழியின் தொல்லைகள்

இத்தனையும் பெரும்பாலும் தொடை வழியாகவே நடந்தன. அதற்கு நியாயமான காரணமும் உண்டு. தொடையிடுக்கின் தமனி அகலமானது. தடித்த குழாயும் தாராளமாக நுழையும். அங்கிருந்து மகாதமனியில் ஏறி, நெஞ்சுக்கு மேலே அது வளையும் இடத்தில் மூளைக்குப் பிரியும் கிளைகளைப் பிடிப்பது பெரும்பாலோரிடம் நேரான பயணம். நிபுணர்களின் கை அந்த வழியிலேயே பழகிற்று; கருவிகளும் அதற்கென்றே வடிவமைக்கப்பட்டன.

தொல்லை, குழாயை வெளியே எடுத்த பிறகுதான் ஆரம்பமாகிறது. தமனியில் இட்ட துளை மூடும்வரை நோயாளி நான்கு மணியிலிருந்து ஆறு மணி நேரம் காலை மடக்காமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். துளையை அடைக்கும் சிறு கருவியை வைத்தால் இந்நேரம் குறையும் என்றாலும், அதற்குத் தனி விலை. முதுகுவலிக்காரருக்கும் புராஸ்டேட் வீங்கிய முதியவருக்கும் அந்த ஆறு மணி நேரம் என்ன பாடு என்பதை அருகிலிருந்து பார்த்தவர்கள் அறிவார்கள்: சிறுநீர் முட்டும், படுத்தபடி போகவும் வராது, கடைசியில் மிஸ்ஸியைக் கூப்பிட்டு ரப்பர் குழாய் போட்டுக்கொள்ள நேரும். தோட்டங்களில் வளர்ந்த நம் பாட்டிமார் பலர் சிகிச்சைக்கு அஞ்சுவதைவிட, அதற்கு முன்னால் அந்த இடத்தை மழிக்க ஓர் அந்நியர் வருகிறாரே என்பதற்கே அதிகம் கூசுகிறார்கள். வைத்தியப் புத்தகங்களில் இடம்பெறாத அந்தக் கூச்சத்தை நான் இலேசாக எண்ணமாட்டேன். அதனாலேயே பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையம், தான் தொடர்ச்சியாகப் பரிசோதித்த 19,826 பேருடைய மூளைத் தமனிப் படங்களின் அனுபவத்தை 2007-இல் வெளியிட்டது. நிரந்தர ஊனம் விளைவித்த பக்கவாதம் நூற்றுக்கு 0.14 பேருக்குத்தான் நேர்ந்தது. குத்திய இடத்தில் ரத்தம் கட்டியதோ நூற்றுக்கு 4.2 பேருக்கு. நோயாளி மூளையை எண்ணிப் பயப்படுகிறார். தொந்தரவு அதிகமாகத் தொடையிலிருந்து வருகிறது. தோலுக்கடியில் வெளிப்படும் கசிவைச் சமாளித்துவிடலாம். அதே கசிவு வயிற்றின் பின்புறத்தில் கண்ணுக்குப் படாமல் தேங்குமானால் பிராணாபத்து. மூளைத் தமனியில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு, ரத்தம் உறையாதிருக்க ஆஸ்பிரினோடு இன்னொரு மருந்தும் சேர்த்துக் கொடுக்கப்படுவதால், அவர்களிடம் இந்த அபாயம் இன்னும் கூடுகிறது.

இருதய வைத்தியர்கள் முந்திக்கொண்டார்கள்

வைத்தியர் மூன்று விரல் வைத்து நாடி பார்க்கிறாரே, அந்த இடத்துத் தமனியைப் பற்றித்தான் பேசுகிறோம். அது தோலை ஒட்டி ஓடுகிறது. அடியில் எலும்பு இருக்கிறது. விரலால் அழுத்தினால் ரத்தம் நின்றுவிடுகிறது. அன்றியும், சுண்டுவிரல் பக்கமாக உள்ளங்கைக்கு வேறொரு தமனியும் வருவதால், ஒன்று அடைபட்டாலும் மற்றது கையைக் காப்பாற்றுகிறது.

1989-இல் மொன்ட்ரியாலில் லூசியன் காம்போ இவ்வழியாக இருதயத் தமனிகளைப் படமெடுத்த அனுபவத்தை எழுதினார். 1992-இல் ஆம்ஸ்டர்டாமில் ஃபெர்டினாண்ட் கீமெனெய் அடைப்பை நீக்கும் சிகிச்சையையே மணிக்கட்டு வழியாகச் செய்துகாட்டினார். 2011-இல் 32 நாடுகளைச் சேர்ந்த 7,021 நோயாளிகளைக் கொண்ட ரைவல் ஆய்வில், குத்திய இடத்துப் பெருங்கோளாறுகள் தொடை வழியில் நூற்றுக்கு 3.7, மணிக்கட்டு வழியில் 1.4 என்று கண்டார்கள். 2015-இல் மாட்ரிக்ஸ் ஆய்வு 8,404 பேரிடம் ரத்தக் கசிவும் மரணமும் குறைந்ததைக் காட்டியது. 2018-இல் ஐரோப்பிய இருதய வைத்தியர் சங்கம் மணிக்கட்டையே பிரதான வழியாக விதித்தது. நம் ஊரில் ‘ஆஞ்சியோ’ செய்துகொண்டு திரும்பியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பலர் கையைத்தான் காட்டுவார்கள்.

மூளை வைத்தியர்கள் இந்தப் பாதைக்கு மெதுவாகவே வந்தார்கள். ஜப்பானிய வைத்தியர்கள் 2001-இலேயே 166 பேருக்கு மணிக்கட்டு வழியாக மூளைத் தமனிப் படம் எடுத்த அனுபவத்தை வெளியிட்டிருந்தும், அது வெகுகாலம் ஒரு விசேஷத் திறமையாகவே கருதப்பட்டது. கடந்த பத்தாண்டுகளில்தான் ஃபிலடெல்பியாவில் பாஸ்கல் ஜப்பூர் முதலிய நிபுணர்கள் மணிக்கட்டை முதல் வழியாகவும் தொடையை மாற்று வழியாகவும் வைத்துக்கொள்ளலாம் என்று வாதித்து, அதற்கேற்ப மற்றவர்களுக்குப் பயிற்சியும் அளிக்கலானார்கள். இந்த வழிக்கென்றே நீண்ட குழாய்களும் சந்தைக்கு வந்தன.

மேசையின் மேல் நடப்பது

நோயாளியின் வலக்கையை, உள்ளங்கை மேல் நோக்கியிருக்க, ஒரு பலகையில் நீட்டிக் கட்டுகிறார்கள். மணிக்கட்டுக்கு அடியில் சுருட்டிய துணி ஒன்று வைக்கப்படுகிறது. அல்ட்ராசவுண்ட் கருவியின் முனையைத் தோலில் வைத்தால், திரையில் துடிக்கும் சிறிய கறுப்பு வட்டம் தெரியும், அதுதான் தமனி. பெரும்பாலோருக்கு அதன் குறுக்களவு இரண்டு முதல் மூன்று மில்லிமீட்டர். இரண்டுக்கும் கீழே இருந்தால் வைத்தியர் அங்கேயே யோசிப்பார். மரத்துப்போக மருந்து, பிறகு ஊசி, கம்பி, குழாய்க்கான உறை.

உறை உள்ளே போனதும் தமனி சுருங்கிப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க வெராபமில், நைட்ரோகிளிசரின் போன்ற மருந்துகளைச் செலுத்துகிறார்கள். அப்பொழுது முன்கை சில விநாடிகள் சுரீரென்று எரியும். முன்கூட்டியே சொல்லிவிட்டால் நோயாளி பல்லைக் கடித்துக்கொள்வார். சொல்லாவிட்டால் கையை உதறுவார். தமிழ் மட்டுமே தெரிந்த மூதாட்டியிடம் இதைத் தமிழில் சொல்ல ஒருவர் அந்த அறையில் இருப்பது, எந்த விலையுயர்ந்த கருவிக்கும் குறைந்த விஷயமல்ல.

எல்லாம் முடிந்து குழாயை உருவியதும், கண்ணாடியாய்த் தெரியும் ஒரு பிளாஸ்டிக் பட்டையை மணிக்கட்டில் கட்டி, ஊசிக்குழலால் பதினைந்து மில்லி அளவு காற்றை ஏற்றுகிறார்கள். தாதி அதைச் சிறிது சிறிதாக இறக்கிக்கொண்டு வருவார். ரத்தம் துளிர்த்தால் இரண்டு மில்லியைத் திரும்ப ஏற்றுவார். இரண்டு மூன்று மணி நேரத்தில் பட்டை கழன்றுவிடும். மயக்க மருந்தில்லாமல் படம் மட்டும் எடுத்தவரானால், அதற்குள் எழுந்து உட்கார்ந்து இடக்கையால் மைலோ குடித்துக்கொண்டிருப்பார்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பட்டையை எவ்வளவு இறுக்கமாகக் கட்டுகிறோமோ அவ்வளவு பத்திரம் என்பது தவறான எண்ணம். ரத்தம் வெளியே வராமலும், தமனிக்குள் ஓட்டம் நிற்காமலும் இருக்கிற அளவுக்கே அழுத்த வேண்டும். இறுக்கிக் கட்டிவிட்டு மறந்துபோனால், தமனி உள்ளேயே உறைந்து மூடிக்கொள்ளும். ஆகவே இந்தச் சிகிச்சையின் வெற்றியில் பாதி, வைத்தியர் அறையை விட்டுப் போன பிறகு, பட்டையைக் கவனிக்கிற தாதியின் கையில் இருக்கிறது.

வளைவில் உள்ள சிக்கல்

இனி, மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வலது மணிக்கட்டிலிருந்து புறப்பட்ட குழாய் தோளைக் கடந்து மகாதமனியின் வளைவுக்கு மேலிருந்து இறங்குகிறது. பிடரிப்பக்கமாக மூளைக்குப் போகும் வலது தமனி வழியிலேயே இருக்கிறது. அதற்கு மணிக்கட்டைவிட நல்ல வாசல் இல்லை. வலது கழுத்துத் தமனியும் கைக்கெட்டும். இடது கழுத்துத் தமனிதான் சோதனை: தெப்ராவ் நெடுஞ்சாலையில் எதிர்ப்பக்கத்துக் கடைக்குப் போக வேண்டியவர் நெடுந்தூரம் ஓட்டிப்போய் வளைந்து திரும்புவதைப் போல, குழாயும் கீழே இறங்கி, வளைந்து, மேல்நோக்கித் திரும்ப வேண்டும். இதற்காகவே சிம்மன்ஸ் என்ற வைத்தியரின் பெயரால் வழங்கும், நுனி கொக்கியாக வளைந்த குழாயைப் பயன்படுத்துகிறார்கள். அதன் வளைவை உடலுக்குள்ளே உருவாக்குவது பழக்கத்தால் வருகிற கலை.

சிலருக்கு இடது கழுத்துத் தமனி வலப்பக்கத்துப் பெருங்கிளையோடு சேர்ந்தே பிறக்கிறது. அவர்களிடம் இந்த வேலை சுலபம். வேறு சிலருக்கு, மிகச் சிலரே, வலக்கைக்கான தமனி வளைவின் கடைசிக் கிளையாகப் பிறந்து உணவுக்குழாயின் பின்னால் சுற்றி வருகிறது. அவர்களிடம் வலது மணிக்கட்டில் குத்துவது வீண் பிரயாசை. இவை எல்லாம் முன்னதாக எடுத்த சி.டி. படத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடக்கூடியவை. எந்த வழி என்பதை மேசையின் மேல் அல்ல, அதற்கு முந்திய நாளே தீர்மானிக்கலாம் என்பது இதிலிருந்து பெறப்படுகிறது.

அளவும் ஒரு தடை. மூளைக் குமிழைச் சுருளால் அடைக்க இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாய் பெரும்பாலும் போதும். ரத்தக்கட்டியை எடுக்கச் சில வைத்தியர்கள் விரும்பும், நுனியில் பலூன் பொருத்திய குழாய்கள் அதைவிடத் தடித்தவை. மெலிந்த மணிக்கட்டுகளில், குறிப்பாகப் பெண்களிடம், அவை நுழைய மாட்டா.

பக்கவாதம் தாக்கி வந்தவரிடம் எந்த வழி என்று நின்று வாதிக்கவும் நேரமில்லை. பெரிய தமனி அடைபட்ட ஒவ்வொரு நிமிஷமும் சராசரி 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்பது கணக்கு. மெர்சிங்கிலிருந்தோ சிகாமட்டிலிருந்தோ வருகிறவர் சாலையிலேயே இரண்டு மணி நேரத்தை இழந்துவிட்டு வருகிறார். அந்த அவசரத்தில் வைத்தியருடைய கை எந்த வழியில் விரைவாகப் போகுமோ அதுவே சரியான வழி. பெரும்பாலும் அது இன்றைக்கும் தொடைதான். மணிக்கட்டுக்காக நான் வாதாடுவது, நாள் குறித்துச் செய்யும் பரிசோதனைகளுக்கும் சிகிச்சைகளுக்கும்.

இனிப்பு நீரும் மணிக்கட்டும்

2019-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி இந்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 18.3 பேருக்கு இனிப்பு நீர் நோய். இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 31.4. புதிதாக டயாலிசிஸ் தொடங்குகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் கெட்டதற்கு இந்த நோயே காரணம். மூளைத் தமனியில் கோளாறு வருகிற வயதும், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சேர்ந்து சிறுநீரகத்தைக் கரைக்கிற வயதும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே, மூளை வைத்தியரின் மேசையில் கையை நீட்டுகிற நம்மவர் ஒருவர், சில ஆண்டுகளில் டயாலிசிஸ் நாற்காலியிலும் அதே கையை நீட்ட நேரலாம்.

டயாலிசிஸுக்கு ரத்தம் வேகமாக வெளியே வர வேண்டும். அதற்காக 1966-இல் நியூயார்க்கில் பிரெஸியா, சிமினோ முதலிய வைத்தியர்கள் கண்ட வழி, மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் இணைத்துவிடுவது. ஃபிஸ்டுலா என்று டயாலிசிஸ் நிலையங்களில் எல்லோரும் சொல்கிறார்களே, அது இதுதான். கழுத்தில் போடும் பிளாஸ்டிக் குழாயைவிட அது நீடித்து உழைக்கிறது. கிருமி தொற்றுவதும் குறைவு.

மணிக்கட்டு வழியாகச் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்குச் சிலருக்கு அந்தத் தமனி பின்னர் சத்தமில்லாமல் மூடிக்கொள்கிறது. மற்றொரு தமனி கையைக் காப்பாற்றிவிடுவதால் வலி இல்லை, மரப்பு இல்லை, நோயாளிக்குத் தெரியவே தெரியாது. ஆண்டுகள் கழித்து ஃபிஸ்டுலா வைக்க வரும் அறுவை வைத்தியர் விரல் வைத்துப் பார்த்து, நாடி இல்லை என்று சொல்லும்போதுதான் தெரியவருகிறது. அதனால், சிறுநீரகம் ஏற்கெனவே தளரத் தொடங்கியவரிடம், மூளைச் சிகிச்சைக்கு மணிக்கட்டைத் தேர்ந்தெடுப்பது அன்றைக்குச் சௌகரியமாக இருந்தாலும் தவறு என்பதே என் அபிப்பிராயம். அவர்களுக்குத் தொடை வழியின் ஆறு மணி நேரச் சிரமமே மேல்.

கீமெனெய் 2017-இல் எழுதிய மாற்று ஒன்று உண்டு. கட்டைவிரலின் அடியில், புறங்கைப் பக்கமாகக் குழி விழும் இடத்தில் குத்தினால், மணிக்கட்டுப் பகுதியைப் பெரும்பாலும் காப்பாற்றலாம் என்கிறார்கள். அங்கே தமனி இன்னும் சிறியது. பழகிய கை வேண்டும். அதைச் சர்வரோக நிவாரணியாக எண்ணிவிடலாகாது.

ஜொகூரின் கணக்கு

தெப்ராவ் நீரிணையைப் பார்த்தபடி நிற்கும் சுல்தானா அமினா மருத்துவமனை, உலகப் போர் இம்மண்ணை எட்டிய காலத்துக் கட்டடம். மாநிலத்தின் மூளை அறுவைப் பிரிவு அங்கே இயங்குகிறது. குளுவாங், மெர்சிங், கோத்தா திங்கி என்று எல்லாத் திசையிலிருந்தும் நோயாளிகள் அங்கே அனுப்பப்படுகிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு கட்டில் ஓர் இரவு காலியாவது சின்ன விஷயமல்ல. குமிழுக்குச் சுருள் வைத்தவர் அத்தோடு விடுபடுவதில்லை என்பதையும் நினைக்க வேண்டும். சில மாதம் கழித்து ஒரு படம், பிறகு மற்றொன்று என்று அவர் திரும்பத் திரும்ப வருகிறார். ஒவ்வொரு முறையும் தொடை வழி என்றால், ஒவ்வொரு முறையும் பல மணி நேரக் காவல், பெரும்பாலும் ஓர் இரவு. மணிக்கட்டு வழி என்றால் காலையில் வந்து மாலையில் போகலாம்.

முதியோரிடம், கீழே விழுந்த பிறகு மூளையின் உறைக்கடியில் பழைய ரத்தம் தேங்குகிற நோயொன்று பெருகிவருகிறது. ரத்தத்தை வடித்தபின், அவ்வுறைக்குப் போகும் சிறு தமனியையும் குழாய் வழியாக அடைத்துவிட்டால், மறுபடி அறுவை செய்ய நேர்வது குறைகிறது என்று 2024-இல் வெளிவந்த எம்போலைஸ் ஆய்வு காட்டியது: நூற்றுக்கு 11.3 என்பது 4.1 ஆயிற்று. மகாதமனி முறுக்கேறிய எண்பது வயதுக்காரரிடம் தொடையிலிருந்து ஏறுவது கடினம் என்பதால், இத்தகையோரிடம் கை வழிக்கு வேலை கூடப்போகிறது. அவர்களிலேயே தமனி சிறுத்தவர்களும் சிறுநீரகம் தளர்ந்தவர்களும் அதிகம் என்பதை மறக்காதிருந்தால் சரி.

விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கடற்பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலைக்குப் போகிற இளைஞனுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. தொடை வழி என்றால் சில நாள் அவன் வண்டியில் ஏறக் கூடாது. மணிக்கட்டு வழி என்றால் மறுநாளே நடமாடலாம்; ஆனால் வலது மணிக்கட்டை முறுக்கித்தான் வண்டியை ஓட்ட வேண்டும் என்பதால், அவனும் சில நாள் பஸ்ஸில் போவதே உத்தமம். மணிக்கட்டு வழி என்றால் விடுப்பே வேண்டாம் என்று முதலாளிகள் நினைத்துவிடக் கூடாது.

காப்புறுதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சந்தா ஏற்றம் தாங்காமல் மக்கள் முறையிட்டதன் பேரில், 2024 டிசம்பரில் பேங்க் நெகாரா தலையிட்டு, ஏற்றத்தைக் குறைந்தது மூன்றாண்டுகளுக்குப் பரப்பும்படி நிறுவனங்களைப் பணித்தது. அது தற்காலிக நிவாரணம். கட்டிலில் படுத்தால்தான் பணம் என்ற நிபந்தனை ஒரு பத்திரத்தில் இருக்குமானால், மாலையில் வீடு திரும்பக்கூடியவரையும் அது இரவு தங்க வைக்கும். அந்த இரவின் செலவு அடுத்த ஆண்டு எல்லோருடைய சந்தாவிலும் வந்து சேரும்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, அரசாங்க மருத்துவமனைகளில் மூளைத் தமனிப் படங்களை, தகுதியுள்ளவர்களுக்கு மணிக்கட்டு வழியாக எடுப்பதிலிருந்து தொடங்கலாம். படம் எடுத்துப் பழகாமல் ஒரேயடியாகச் சிகிச்சைக்குப் போவது ஆபத்து. முதல் சில டஜன் நோயாளிகளில் நேரமும் கூடும், தொடைக்கு மாற வேண்டிய சந்தர்ப்பமும் கூடும். அவ்வாறு மாறுவதைத் தோல்வியாக எண்ணாமல், ஆரம்பத்திலேயே இரண்டு இடங்களையும் தயார் செய்து வைத்துக்கொள்வது விவேகம்.

இதற்குக் குருவைத் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. இருதயப் பிரிவில் பல ஆண்டுகளாக மணிக்கட்டில் குத்தவும் பட்டை கட்டவும் தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பிரிவின் தாதியர் மூளைப் பிரிவின் தாதியருக்குச் சில வாரம் கற்றுக்கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. அல்ட்ராசவுண்ட் கருவி இல்லாமல் மணிக்கட்டில் கை வைக்கக் கூடாது என்பதையும் விதியாக்கிவிடலாம்.

கருவிகளைச் சுகாதார அமைச்சு மொத்தமாக வாங்கித் தர வேண்டும். பிளாட்டினச் சுருளுக்கும் ஸ்டென்ட்டுக்கும் மருத்துவ உதவி நிதிக்கு மனுப்போட்டு அலையும் குடும்பத்தின் தலையில் மணிக்கட்டுக் குழாயின் விலையையும் ஏற்றுவது நியாயமாகாது. தனியார் மருத்துவமனைகளோ, மணிக்கட்டு வழியை ஓர் ஆடம்பரமாக விளம்பரம் செய்யாமல், எத்தனை பேருக்குச் செய்தோம், எத்தனை பேரிடம் தொடைக்கு மாறினோம், ஒரு மாதம் கழித்து எத்தனை பேருக்கு நாடி இருந்தது என்ற மூன்று எண்ணிக்கைகளை வெளியிட்டால், அவற்றைவிட நல்ல விளம்பரம் வேறில்லை.

ஒப்புதல் படிவத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: நோயாளியின் சிறுநீரகத்தின் நிலை என்ன, எந்தக் கையைப் பிற்கால டயாலிசிஸுக்காகப் பாதுகாக்க வேண்டும் என்பது அது. மலாயிலும் சீனத்திலும் தமிழிலும் அதைப் படித்துக் காட்ட ஒருவர் வேண்டும். நம் சங்கங்களும் கோயில் நிர்வாகங்களும் ரத்த அழுத்தம் பார்க்கும் முகாம்களை நடத்துகையில், வாய் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் இவற்றில் ஒன்றைக் கண்டாலும் 999-ஐ அழைக்க வேண்டும் என்பதோடு, இந்தச் சிறுநீரகச் சங்கதியையும் சேர்த்துச் சொல்லலாம்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்கோ உங்கள் பெற்றோருக்கோ மூளைத் தமனிச் சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டிருந்தால், கையெழுத்திடுமுன், ‘எந்த வழியாகச் செய்யப்போகிறீர்கள், என் சிறுநீரகப் பரிசோதனையைப் பார்த்தீர்களா?’ என்று டாக்டரிடம் கேளுங்கள். இனிப்பு நீர் இருந்தால் கிளினிக்கில் எடுத்த கடைசி ரத்தப் பரிசோதனைத் தாளையும் கையோடு கொண்டுபோங்கள்.